நொடிக்கு ஆயிரம் முறை அணைந்து எரியும் விளக்கு

குமிழைத் திருப்பினால் வெளிச்சம் இறங்குகிறது. அந்தச் சின்ன டப்பாவுக்குள் நடப்பதைப் பத்தாம் வகுப்பு மாணவர்கூடப் புரிந்துகொள்ளலாம், கையாலேயே கட்டியும் பார்க்கலாம். நம் கண்ணுக்கு நல்ல டிம்மர் எது, கெட்ட டிம்மர் எது என்பதைத் தீர்மானிப்பது அதில் இருக்கும் ஒரே ஒரு கெப்பாசிட்டர்.

ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடு என்றால் அதன் ஓரத்தில் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஓடாமல் இருப்பதில்லை. பூஜை அறை, புத்தக அலமாரி, துணிக்கடை ஷோகேஸ், கல்யாண மேடை எல்லா இடத்திலும் அது வந்துவிட்டது. கூடவே அதன் டிம்மரும் வந்துவிட்டது. ஒரு குமிழ், உள்ளே போக இரண்டு ஒயர், வெளியே வர இரண்டு ஒயர். திருப்பினால் வெளிச்சம் பாதியாகிறது, இன்னும் திருப்பினால் மங்கலாகிறது.

பாதி வெளிச்சத்தில் தெரிகிற அந்த ஸ்ட்ரிப்பில் ஓர் எல்.இ.டி.கூடப் பாதியாக எரிவதில்லை. ஒவ்வொன்றும் முழுமையாக எரிகிறது, உடனே முழுமையாக அணைகிறது. நல்ல டிம்மரில் நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் இது நடக்கிறது. இடைப்பட்ட நிலை என்று ஒன்று அங்கே கிடையாது. மங்கல் என்று நாம் பார்ப்பது எரிந்த நேரத்துக்கும் அணைந்த நேரத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான்.

இவ்வளவு சுற்றிவளைப்பானேன், வோல்டேஜைக் குறைத்தால் போதாதா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. அங்கிருந்தே தொடங்குவோம்.

வோல்டேஜைக் குறைத்தால் என்ன ஆகும்?

குண்டு பல்பில் இருப்பது டங்ஸ்டன் இழை. வோல்டேஜைக் குறைத்தால் இழையின் சூடு குறையும், வெளிச்சமும் படிப்படியாக இறங்கும். எல்.இ.டி. அப்படிப்பட்டதல்ல, அது ஒரு டையோடு. குறிப்பிட்ட வோல்டேஜ் வரும்வரை மின்சாரத்தை விடவே விடாது. அந்த எல்லையைத் தாண்டிவிட்டாலோ, வோல்டேஜ் துளி ஏறினாலும் கரண்ட் பல மடங்கு பாயும்.

12 வோல்ட் ஸ்ட்ரிப் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை, கத்தரிக்கோல் படத்தோடு ஒரு கோடு இருக்கும். அந்த இடத்தில்தான் வெட்டலாம். இரண்டு கோடுகளுக்கு நடுவே மூன்று எல்.இ.டி.யும், கறுப்பு நிறத்தில் ஒரு பொடி ரெசிஸ்டரும் உட்கார்ந்திருக்கும். பல ஸ்ட்ரிப்புகளில் அந்த ரெசிஸ்டரின் முதுகில் 151 என்று அச்சடித்திருப்பார்கள். 15-க்குப் பின்னால் ஒரு சைபர் என்று பொருள், அதாவது 150 ஓம். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3.2 வோல்ட் வேண்டும். மூன்றுக்கு 9.6 வோல்ட் போனால் மீதி 2.4 வோல்ட் ரெசிஸ்டரின் பங்கு. 2.4-ஐ 150-ஆல் வகுத்தால் 16 மில்லி ஆம்பியர். ஒவ்வொரு மூன்று எல்.இ.டி. குழுவுக்குள்ளும் ஓடுகிற கரண்ட் இதுதான்.

இப்போது 12 வோல்ட்டை 9 ஆக்குங்கள். கால்வாசிதான் குறைத்திருக்கிறோம், வெளிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். 8 வோல்ட்டுக்கு வந்தால் ஏறத்தாழ இருட்டு. போதாக்குறைக்கு, கரண்ட் ரொம்பக் குறைந்த நிலையில் எந்த இரண்டு எல்.இ.டி.யும் ஒரே மாதிரி எரியாது. ஸ்ட்ரிப்பின் ஒரு பகுதி பளிச்சென்றும் இன்னொரு பகுதி சோர்ந்தும் தெரியும். நிறமும் லேசாக மாறும்.

சரி, நடுவே ஒரு வால்யூம் கன்ட்ரோலைப் போட்டுவிட்டால்? 300 எல்.இ.டி. உள்ள 5 மீட்டர் ரோலில் 100 குழுக்கள். மொத்தக் கரண்ட் 1.6 ஆம்பியர். இதைப் பாதியாக்க வரிசையில் சேர்க்க வேண்டிய தடை 2 ஓம் அளவுதான். பத்தில் ஒன்றாக்க 20 ஓம் போதும். கடையில் கிடைக்கும் 1 கிலோ ஓம் கன்ட்ரோலைப் போட்டால், குமிழ் நகர்ந்த மறுகணமே வெளிச்சம் பொத்தென்று விழுந்துவிடும். மீதிச் சுற்று முழுவதும் வீண். அதோடு, பாதி வெளிச்சத்தில் அந்தக் கன்ட்ரோலின் சிறு பகுதி மேல் ஒரு வாட்டுக்கு மேல் சூடு இறங்கும். அரை வாட்கூடத் தாங்காத கார்பன் பட்டை கருகிவிடும்.

ஆகவே எல்.இ.டி.க்குக் கொடுக்கும் வோல்டேஜில் கை வைக்காமல், கொடுக்கும் நேரத்தில் கை வைக்கிறார்கள். பி.டபிள்யூ.எம். என்று மெக்கானிக்குகள் வாயில் சுருக்கமாக வருவது இந்த முறையே. ஒரு சுற்றில் எத்தனை சதவீத நேரம் எரிகிறது என்பதற்கு ட்யூட்டி சைக்கிள் என்று பெயர். 30 சதவீதம் என்றால், நூறில் முப்பது பங்கு நேரம் 12 வோல்ட் முழுதாகப் போகிறது, எழுபது பங்கு நேரம் எதுவும் போவதில்லை.

கண் போடும் கணக்கு

விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் அது நமக்கு ஏன் தெரிவதில்லை? 1830-களிலேயே இதற்கு விடை கிடைத்துவிட்டது. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பாட், பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ ஆகிய இருவரும் சுழலும் தட்டுகளை வைத்து ஆராய்ந்தார்கள். வெளிச்சம் போதுமான வேகத்தில் விட்டுவிட்டு வந்தால், அதே சராசரி அளவில் விடாமல் எரியும் விளக்காகவே கண் அதை எடுத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். டால்பாட்-பிளாட்டோ விதி என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதையே. மின்விளக்கு வீட்டுக்கு வருவதற்கு முன்பே, மின்விளக்கை மங்கலாக்கும் வழி கண்ணைப் படித்தவர்கள் கையில் இருந்திருக்கிறது.

கண் இன்னொரு வேலையும் செய்கிறது. இருட்டுப் பக்கத்தில் சின்ன மாற்றத்தைக்கூடப் பெரிதாகக் காட்டுகிறது, வெளிச்சப் பக்கத்தில் பெரிய மாற்றத்தையும் சிறிதாக்கிவிடுகிறது. ட்யூட்டி சைக்கிளை 100-லிருந்து 50 சதவீதமாகக் குறைத்தால், மீட்டர் பாதி என்று காட்டும், கண்ணுக்கோ முக்கால் பங்குக்கு மேல் தெரியும். பாதியாகத் தெரிய வேண்டுமானால் 18 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். டிம்மர் குமிழின் ஒரு கோடியில் திருப்பத் திருப்ப ஒன்றும் ஆகாதது போலவும், மறு கோடியில் தொட்டாலே வெளிச்சம் தாவுவது போலவும் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். குமிழில் குறை ஒன்றும் இல்லை.

சன்னிவேலில் பிறந்த எட்டுக் கால் ஐ.சி.

நொடிக்கு ஆயிரம் முறை விளக்கை அணைத்துப் போட ஆள் வேண்டுமே! எளிய டிம்மர்களில் அரை நூற்றாண்டாக அந்த வேலையைப் பார்ப்பது 555 என்ற டைமர் ஐ.சி.

அதை வடிவமைத்தவர் ஹான்ஸ் காமன்சிண்ட். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருந்த சிக்னெட்டிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். 1970-ஐ ஒட்டிப் பொருளாதார மந்தம் வந்தது, கம்பெனியில் பாதிப் பேருக்கு வேலை போனது. காமன்சிண்ட் தனியாக ஒப்பந்த அடிப்படையில் ஒரு ஐ.சி. செய்து தருவதாகச் சொன்னார். ஏற்கெனவே கம்பெனி விற்கும் பாகங்களை வைத்தே இதைச் செய்துவிடலாமே, தனி ஐ.சி. எதற்கு என்று சக இன்ஜினீயர்கள் கேட்டார்கள். மார்க்கெட்டிங் மேனேஜராக இருந்த ஆர்ட் ஃப்யூரி அவர் பக்கம் நின்றார்.

1971 கோடையில் முதல் வடிவம் பரிசீலனைக்கு வந்தது. தவறு ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கு ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. உள்ளே நிலையான கரண்ட் தரும் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, வெளியே ஒரு சாதாரண ரெசிஸ்டரே போதும் என்று பிறகு அவருக்குத் தோன்றியது. ஒரு கால் குறைந்தது. மலிவான எட்டுக் கால் உறைக்குள் ஐ.சி. அடங்கியது. 1972-ல் விற்பனைக்கு வந்தது. உள்ளே இருப்பது இருபத்தைந்து டிரான்சிஸ்டர் அளவுதான். காமன்சிண்ட் 2012-ல் காலமானார். அவருடைய ஐ.சி. இன்றும் தயாராகிறது. சென்னை ரிச்சி தெருவில் எந்த உதிரிபாகக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

தொட்டி நிறைவதும் வடிவதும்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் மோட்டார் போட்டவர்களுக்கு 555-ன் வேலை உடனே பிடிபடும். தொட்டியில் கீழே ஒரு குறி, மேலே ஒரு குறி. தண்ணீர் கீழ்க் குறிக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், மேல் குறிக்கு ஏறினால் நிற்கும். இங்கே தொட்டி என்பது ஒரு கெப்பாசிட்டர். தண்ணீர் என்பது அதில் சேரும் மின்னூட்டம். குறிகள் இரண்டும் 555-க்குள் இருக்கின்றன.

ஐ.சி.க்குள் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் மூன்று வரிசையாக நின்று, சப்ளை வோல்டேஜை மூன்று சம பங்காக வெட்டுகின்றன. 12 வோல்ட் கொடுத்தால் ஒரு குறி 4 வோல்ட்டில், இன்னொன்று 8 வோல்ட்டில். இரண்டாம் காலும் ஆறாம் காலும் கெப்பாசிட்டரைக் கண்காணிக்கின்றன. வோல்டேஜ் 4-க்கு இறங்கியதும் மூன்றாம் காலில் வெளியீடு உயர்கிறது, கெப்பாசிட்டர் நிறையத் தொடங்குகிறது. 8-ஐத் தொட்டதும் வெளியீடு விழுகிறது. அதே நேரத்தில் ஏழாம் கால் தரையோடு இணைந்து கெப்பாசிட்டரை வடிக்கத் தொடங்குகிறது. மறுபடி 4, மறுபடி 8. சப்ளை இருக்கும்வரை இந்த ஓட்டம் நிற்காது.

நிறையும் நேரம் விளக்கு எரியும் நேரம். வடியும் நேரம் அணைந்திருக்கும் நேரம். இந்த இரண்டையும் தனித்தனியாக மாற்ற முடிந்தால் டிம்மர் தயார்.

அதற்கான உபாயம்தான் இந்த சர்க்யூட்டின் அழகு. 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலுக்கு மூன்று கால்கள். நடுக்காலைக் கெப்பாசிட்டரோடு சேர்க்கிறோம். இரண்டு ஓரக் கால்களிலும் ஆளுக்கொரு டையோடு, எதிரெதிர்த் திசையில் பார்த்தபடி. டையோடு ஒருவழிப் பாதை. எனவே நிறையும்போது கரண்ட் கன்ட்ரோலின் இடப்பக்கம் வழியாக மட்டுமே வருகிறது, வடியும்போது வலப்பக்கம் வழியாக மட்டுமே போகிறது. குமிழைத் திருப்பினால் ஒரு பக்கத்தின் தடை கூடும், அதே அளவு மறுபக்கத்தில் குறையும். எரியும் நேரம் நீண்டால் அணையும் நேரம் அதே அளவு சுருங்கும். இரண்டின் கூட்டுத்தொகை மாறவே மாறாது. வெளிச்சம் 1 சதவீதத்திலிருந்து 99 சதவீதம்வரை நகரும்போதும், நொடிக்கு எத்தனை முறை அணைந்து எரிகிறது என்ற எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. ஐந்தாறு பாகங்களை வைத்துக்கொண்டு இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை முடிப்பது எலெக்ட்ரானிக்ஸில் அரிது.

சுமை தூக்கும் மாஸ்ஃபெட்

555-ன் மூன்றாம் கால் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. ஸ்ட்ரிப் கேட்பதோ ஒன்றரை, இரண்டு ஆம்பியர். நடுவே மாஸ்ஃபெட் வருகிறது. அதன் கேட் காலில் வோல்டேஜ் வந்தால் மற்ற இரு கால்களுக்கும் இடையே பாதை திறக்கும், போனால் மூடும்.

கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் ஐ.ஆர்.எஃப்.இசட். 44 என் மாஸ்ஃபெட் முழுதாகத் திறந்திருக்கும்போது அதன் தடை 0.0175 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் அதில் வீணாவது 0.07 வாட். தொட்டால் சூடே தெரியாது, ஹீட் சிங்க் தேவையில்லை. அணைந்திருக்கும்போது கரண்ட்டே இல்லை, ஆகவே சூடும் இல்லை. சற்று முன்பு வால்யூம் கன்ட்ரோலைக் கருக்கிய அதே வேலை இங்கே சத்தமில்லாமல் முடிகிறது. கரன்ட் பில்லுக்கும் நல்லது: வெளிச்சத்தைப் பாதி நேரமாக்கினால் ஸ்ட்ரிப் இழுக்கும் மின்சாரமும் பாதியாகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு 10 வோல்ட் கிடைத்தால்தான் பாதை முழுதாகத் திறக்கும். 12 வோல்ட்டில் ஓடும் 555 சுமார் 10.5 வோல்ட் தரும், பிரச்சினை இல்லை. அர்டுய்னோ போன்ற 5 வோல்ட் போர்டை நேரடியாக இணைத்தால் பாதை அரைகுறையாகத் திறந்து மாஸ்ஃபெட் கொதிக்கும். அதற்கு லாஜிக் லெவல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கெப்பாசிட்டர்

கட்டுரையின் மையத்துக்கு வந்துவிட்டோம். நொடிக்கு எத்தனை முறை என்பதை முடிவு செய்வது அந்தக் கெப்பாசிட்டர். முதுகில் 103 என்று போட்ட 10 நானோஃபாரட் கெப்பாசிட்டரை 100 கிலோ ஓம் கன்ட்ரோலோடு வைத்தால், நொடிக்கு 1,250 முதல் 1,400 முறை. அதற்குப் பதில் பத்து மடங்கு பெரிய 104-ஐ வைத்தாலும் விளக்கு எரியும், குமிழும் வேலை செய்யும். ஆனால் எண்ணிக்கை 130 அளவுக்கு விழுந்துவிடும். அசையாமல் பார்க்கும் கண்ணுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

வித்தியாசத்தைப் பார்க்க ஒரு பென்சில் போதும். டிம்மரைப் பாதிக்குக் கீழே வைத்து, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஸ்ட்ரிப் வெளிச்சத்தில் பென்சிலை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டுங்கள். வேகம் குறைந்த டிம்மர் என்றால் பத்துப் பதினைந்து பென்சில்கள் விசிறிபோல விரிந்து தனித்தனியாக நிற்கும். நல்ல டிம்மர் என்றால் ஒரே மங்கலான பட்டை தெரியும். வேகம் குறைந்த டிம்மரின் வெளிச்சத்தில் மொபைல் கேமராவை நீட்டினாலும் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைக் காணலாம்.

கண் அசையாமல் இருப்பதில்லை. படிக்கும்போதும் அறையைச் சுற்றிப் பார்க்கும்போதும் அது தாவிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாவலில் துடிக்கும் விளக்கு புள்ளிப் புள்ளியாகச் சிதறும். நொடிக்கு 2,000 முறை அளவு துடிப்பைக்கூடச் சிலர் இப்படி உணர்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத துடிப்பும் உடம்புக்குத் தெரிகிறது. பழைய சோக்கில் ஓடும் டியூப்லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஆர்னால்ட் வில்கின்ஸும் அவருடைய குழுவினரும் பிரிட்டனில் ஓர் அலுவலகத்தில் செய்து 1989-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த சோக்கை அதிவேக எலெக்ட்ரானிக் சோக்காக மாற்றியபோது ஊழியர்களின் தலைவலியும் கண்வலியும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

ஐ.இ.இ.இ. என்ற சர்வதேச மின்னியல் பொறியாளர் அமைப்பு 2015-ல் 1789 என்ற எண்ணுள்ள வழிகாட்டுதலை வெளியிட்டது. முழுதாக எரிந்து முழுதாக அணையும் எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 1,250 முறைக்கு மேல் துடித்தால் பாதிப்பு வாய்ப்பு குறைவு, 3,000 முறையைத் தாண்டினால் கவலையே வேண்டாம் என்கிறது அது. 103 கெப்பாசிட்டர் முதல் எல்லையில் நிற்கிறது. அதைக் கழற்றிவிட்டு 332 என்று அச்சிட்ட 3.3 நானோஃபாரட் கெப்பாசிட்டரை வைத்தால் துடிப்பு 3,800-ஐ ஒட்டிப் போய்விடும். விலை அதே சில்லறைக் காசு. சால்டர் வைக்க இரண்டே புள்ளி. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இருக்கும் வீட்டில் இதை யோசிக்க வேண்டியதே இல்லை, மாற்றிவிடலாம்.

230 வோல்ட் பல்புக்கு இது ஆகாது

மேலே சொன்னது முழுவதும் 12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு. சீலிங்கில் மாட்டும் 230 வோல்ட் எல்.இ.டி. பல்புக்கு இதைப் பொருத்தக் கூடாது. குண்டு பல்புக்காகச் சுவரில் பதித்த பழைய டிம்மரும் அதற்குச் சரிப்படாது. அந்த டிம்மருக்குள் இருப்பது ட்ரையாக். மின்னலையின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பும். தொடர்ந்து திறந்திருக்க அதற்கு ஒரு குறைந்தபட்சக் கரண்ட் ஓடியாக வேண்டும். 60 வாட் குண்டு பல்பு அதைக் கொடுத்தது, 7 வாட், 9 வாட் எல்.இ.டி. பல்பால் முடிவதில்லை. பல்புக்குள் இருக்கும் டிரைவரோ, வெட்டுப்பட்டு வரும் மின்சாரத்தைச் சரிக்கட்டி முழு வெளிச்சம் தரவே போராடும். இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் பல்பு மின்னும், ரீங்காரமிடும், சீக்கிரம் பழுதாகும். அட்டைப் பெட்டியில் ‘டிம்மபிள்’ என்று போட்ட பல்பும் அதற்கேற்ற டிம்மரும் மட்டுமே இங்கே பொருந்தும்.

கட்டிப் பார்க்க விரும்புவோருக்கு

தேவையானவை: 555 ஐ.சி. ஒன்று, 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் ஒன்று, 1என்4148 டையோடு இரண்டு, 1 கிலோ ஓம், 100 ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வகைக்கு ஒன்று, 332 கெப்பாசிட்டர் ஒன்று, 103 ஒன்று, 104 ஒன்று, மாஸ்ஃபெட் ஒன்று, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், பிரெட்போர்டு.

முதல் கால் தரைக்கு. நான்காம், எட்டாம் கால்கள் 12 வோல்ட்டுக்கு. இரண்டும் ஆறும் ஒன்றாகச் சேர்ந்து 332-ன் ஒரு முனைக்கும் கன்ட்ரோலின் நடுக்காலுக்கும் போகும். 332-ன் மறுமுனை தரைக்கு. ஏழாம் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக 12 வோல்ட்டுக்கு ஓர் இணைப்பு. அதே ஏழாம் காலிலிருந்து கன்ட்ரோலின் ஓரக் கால்களுக்கு இரண்டு டையோடுகள்: ஒன்றின் கோடு போட்ட முனை கன்ட்ரோலைப் பார்த்தும், மற்றதன் கோடு போட்ட முனை ஏழாம் காலைப் பார்த்தும் இருக்க வேண்டும். ஐந்தாம் காலிலிருந்து 103 தரைக்கு. 12 வோல்ட்டுக்கும் தரைக்கும் இடையே, ஐ.சி.யை ஒட்டி 104. மூன்றாம் கால் 100 ஓம் வழியாக மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு. கேட்டிலிருந்து 10 கிலோ ஓம் தரைக்கு. மாஸ்ஃபெட்டின் எழுத்துள்ள முகம் நம்மைப் பார்த்தால், இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். சோர்ஸ் தரைக்கு. ஸ்ட்ரிப்பின் பிளஸ் நேராக 12 வோல்ட்டுக்கும், மைனஸ் டிரெயினுக்கும். பிரெட்போர்டில் சோதிக்கும்போது ஒரு மீட்டர் ஸ்ட்ரிப் போதும். முழு ரோலை மாட்டுவதானால் ஸ்ட்ரிப், மாஸ்ஃபெட் ஒயர்களைத் தடிமனாக எடுத்து சால்டர் வைத்துவிடுங்கள். அடாப்டர் லேசாகச் சீழ்க்கையடித்தால் பயப்பட வேண்டாம். துடிப்பு காது கேட்கும் எல்லைக்குள் இருப்பதால் வரும் சத்தம் அது.

12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது. அடாப்டரை மட்டும் பிரிக்காதீர்கள், அதற்குள் 230 வோல்ட் இருக்கிறது.

நம் பள்ளிகளில் ஓம் விதியைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்குகிறார்கள். ஓம் விதி, டையோடு, கெப்பாசிட்டர், கண்ணின் இயல்பு நான்கும் ஒரு சிறிய போர்டில் சேர்ந்து நிற்கும் இடம் இந்த டிம்மர். இயற்பியல் ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்கலாம். விளக்கு தயாரிப்பவர்கள், வாட்டும் லூமனும் அச்சிடும் அதே அட்டையில் துடிப்பு எத்தனை ஹெர்ட்ஸ் என்பதையும் அச்சிட வேண்டும். அதுவரை, அடுத்த முறை டிம்மர் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு பென்சில் இருக்கட்டும். கடைக்காரரிடம் விளக்கைப் போடச் சொல்லி ஆட்டிப் பாருங்கள். பென்சில் பலவாகத் தெரிந்தால் அந்த டிம்மர் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.